கைக்கு எட்டாதது முதலில்

ஏரிக்கரைப் பாய்மரம் – 6

சென்ற வாரம், பனிக்காலம் முழுக்கப் படகின்மேல் கிடந்த தார்ப்பாயைக் கழற்றி, என்னென்ன பழுது என்று பட்டியல் போட்டோம். பட்டியல் நீளம்தான். பழைய படகு வைத்திருப்பவனுக்கு வேலை தீர்ந்த நாள் என்று ஒன்று வருவதில்லை. கிரேன் வரும் நாள் மட்டும் தவறாமல் வந்துவிடும். ஒண்டாரியோ ஏரிக்கரையில் பெரும்பாலான படகுச் சங்கங்கள் ஏப்ரல் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில் ஒரு சனி, ஞாயிறுக்குக் கிரேனை வாடகைக்கு எடுக்கின்றன. அக்டோபரில் கரையேறிய படகுகள் எல்லாம் அந்த இரண்டு நாட்களில் வரிசையாக நீரில் இறங்கியாக வேண்டும். அன்று நம் படகு தயாராக இல்லையென்றால் பின்னால் நிற்பவர்களுக்கும் வழி அடைபடும்.

பனி உருகுவதற்கும் கிரேன் வருவதற்கும் நடுவே கிடைப்பது சில வாரங்கள். அதில் பாதி நாள் மழை, மீதியில் பாதி குளிர். எனவே பழைய படகைப் பராமரிப்பதில், திருத்தத் தெரிவது பாதி வித்தை. எதை இப்போது தொடாமல் விடுவது என்று தெரிவது மீதிப் பாதி.

யாழ்ப்பாணத்தில் பல காலம் பைபர் படகுகள் திருத்திய என் சித்தப்பா, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு நாள் வந்து பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

“என்ன தம்பி, மெத்தை உறையில தொடங்கியிருக்கிறாய்?”

“சின்ன வேலைகளை முதல்ல முடிச்சா மனசுக்குத் தெம்பா இருக்கும் சித்தப்பா.”

“தெம்பைப் பிறகு பாப்பம். படகு தண்ணிக்குள்ள போனாப் பிறகு கை எட்டாத இடம் எதெது? அதுகளை மேல எழுது. மெத்தையை ஆடி மாசத்திலயும் தைக்கலாம்.”

பட்டியலை அந்த வரிசையில் மாற்றி எழுதினேன். இந்த அத்தியாயமும் அதே வரிசையில்தான் போகிறது.

நாம் பேசும் படகு ஆல்பர்க் 30. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் ஆல்பர்க் வரைந்தது. டொராண்டோவுக்குக் கிழக்கே இயங்கிய விட்பி போட் ஒர்க்ஸ் நிறுவனம் 1962 முதல் 1980கள் வரை எழுநூறுக்கும் மேற்பட்ட படகுகளை இந்த அச்சில் வார்த்தது. முப்பது அடி நீளம், சுமார் 9,000 பவுண்டு எடை. அதில் 3,300 பவுண்டு அடியில் இருக்கும் இரும்பு. அந்த இரும்பு பைபர்கிளாஸ் உடலுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், மற்றப் படகுகளில் அடிக்கனத்தைப் பிடித்திருந்து தலைவலி தரும் கீல் போல்ட்டுகள் இதில் கிடையாது. கியூபெக்கைச் சேர்ந்த ஈவ் ஜெலினா ‘ஜான் து சூத்’ என்ற ஆல்பர்க் 30இல் தனி ஆளாக 1981இல் புறப்பட்டு உலகைச் சுற்றினார். தென் பசிபிக்கில் பாய்மரம் முறிந்து, கிடைத்ததைக் கட்டி நிறுத்தி சாட்டம் (Chatham) தீவுகளை அடைந்து, மீண்டும் புறப்பட்டு 1983இல் பயணத்தை முடித்தார். மரம் போனது, உடல் தாங்கியது. பைபர்கிளாஸ் புதிதாக இருந்த அந்தக் காலத்தில், இவ்வளவு தடிப்பு போதும் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. ஆகவே அடுக்குக்கு மேல் அடுக்காகப் போட்டார்கள். அதன் பலனை அறுபது வருடம் கழித்து நாம் அனுபவிக்கிறோம்.

ஆகவே பழைய பைபர் படகில் உடலைப் பற்றிய பயம் குறைவு. பயம் எல்லாம் அந்த உடலில் மனிதன் போட்ட ஓட்டைகளைப் பற்றியது.

நீர்மட்டத்துக்குக் கீழே

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வர ஒன்று, கழிவறைக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று, மேல்தளத்து மழைநீர் வடிய இரண்டு என்று, சின்னப் படகிலும் நீர்மட்டத்துக்குக் கீழேயோ ஒட்டியோ ஐந்தாறு ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரு வால்வு உண்டு, சீகாக் என்பார்கள். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குல ஓட்டை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 500 கேலன் என்று பெட்டியில் அச்சிட்ட, படகின் அடிவயிற்று நீரை இறைக்கும் சின்ன பில்ஜ் பம்ப், புதிதாக இருந்தாலும், நிமிடத்துக்கு முப்பது லிட்டரைத்தான் வெளியே தள்ளும். இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தவர்கள் மெத்தை உறையை மறந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வால்வின் கைப்பிடியையும் முழுக்கத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இறுகிக் கிடந்தால் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பழைய வெண்கலச் சீகாக்குகள் பலவற்றில் கூம்பு வடிவ அடைப்பான் ஒன்று நடுவில் சுழலும். அதைக் கழற்றி, தேய்மானப் பசை பூசி, அதன் இருக்கையோடு சேர்த்துத் தேய்த்து, கிரீஸ் போட்டுப் பொருத்தினால் இன்னும் பல வருடம் ஓடும். யாரோ முன்னாள் உரிமையாளர் சிக்கனமாகப் பித்தளை வால்வு போட்டிருந்தால் கதை வேறு. பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல வெளியேறி, எஞ்சும் செம்பு கடற்பஞ்சு போலப் பொத்தலாகிவிடும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த வால்வைத் திருத்தப் பார்க்காமல் தூக்கி எறிய வேண்டும். வால்வில் மாட்டிய ரப்பர் ஹோஸை அழுத்திப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப். பக்கத்திலேயே அந்த ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டும். இருட்டில் தேடாமல் கைக்குக் கிடைக்க.

அடுத்தது புரொப்பெல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடம். சுழலும் தண்டைச் சுற்றி நீர் வராமல் தடுக்க, மெழுகேற்றிய ஆளிநார்ப் பின்னலை வளையங்களாக வெட்டி ஒரு பெட்டிக்குள் திணித்து, நட்டால் இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் தண்டைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வெட்டு வாய் சாய்வாக இருக்க வேண்டும். மூன்று வளையங்களின் வாய்களும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் சுற்றிலும் பிரிந்து நிற்க வேண்டும். தண்டு சுழலும்போது இங்கே நீர் சொட்டத்தான் வேண்டும், நிமிடத்துக்குச் சில சொட்டு. அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. ஒன்றும் சொட்டக் கூடாது என்று முறுக்கினால் பின்னல் சூடேறி, தண்டில் பள்ளம் விழுந்துவிடும்.

தண்டின் முனையில் இருக்கும் பலி உலோகத்தையும் இப்போதே மாற்ற வேண்டும். வெண்கலமும் எஃகும் நீரில் சேர்ந்து கிடந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அவற்றைவிட எளிதில் கரையும் உலோகத் துண்டு ஒன்றை மாட்டினால் அது தான் கரைந்து மற்றதைக் காக்கும். கடலில் இதற்குத் துத்தநாகம். ஏரியின் நன்னீரில் துத்தநாகத்தின்மேல் ஆக்சைடு படிந்து அது வேலை செய்வதை நிறுத்திவிடும். இங்கே மக்னீசியம் வேண்டும். அதே மக்னீசியம் உப்புநீரில் சீக்கிரம் கரைந்து காணாமல் போகும். கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

அடிப்பக்கத்தில் காசளவு கொப்புளங்கள் சில தெரியலாம். மேற்பூச்சை ஊடுருவிய ஈரம், உள்ளே சரியாக இறுகாத ரசாயனங்களோடு கலந்து அமிலத்தன்மையுள்ள திரவமாகி, மேலும் நீரை இழுத்துக்கொள்வதால் இவை உண்டாகின்றன. வெளியே உப்பு இல்லாததால் நன்னீரில் அந்த இழுவை அதிகம். கொப்புளத்தை உடைத்து, கழுவி, நன்றாக உலர்த்தி எபாக்சியால் நிரப்ப வேண்டும். உலர்வதற்குத்தான் மாதக் கணக்காகும். வசந்தத்தில் அவசரமாக உடைத்து ஈரத்தின்மேல் மூடினால் அடுத்த வருடம் மறுபடி எழும். சின்னக் கொப்புளம் சிலவற்றால் எந்தப் படகும் மூழ்காது. குறித்து வைத்து, அக்டோபரில் கரையேறிய வாரமே உடைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

அதன்மேல் செம்பு கலந்த அடிப்பூச்சு. ஏரியில் கடல் சிப்பிகள் இல்லையே என்று சிலர் இதை விட்டுவிடுவார்கள். கப்பல்களின் சமநிலை நீரோடு வந்து, 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி இன்று பேரேரிகள் எங்கும் ஒட்டிக்கொள்கிறது. நீர் உறிஞ்சும் துளைகளையும் அடைக்கிறது. பழைய பூச்சைத் தேய்க்கும்போது தூள் நச்சு: நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும், கீழே விரிப்பு வேண்டும்.

மரம் படுத்திருக்கும்போது

இரண்டாம் வரிசையில் வருவது, பாய்மரம் கழற்றப்பட்டுக் கிடக்கும் இந்தச் சில வாரங்களில் மட்டும் செய்யக்கூடியவை. ஆல்பர்க் 30இல் மரம் படகின் அடிவரை இறங்குவதில்லை, மேல்தளத்தின்மீது நிற்கிறது. அதன் சுமையைத் தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும், பலகைகளை ஒட்டிச் செய்த உத்தரம் தாங்குகிறது. இந்த ரகத்தின் பேர்பெற்ற பலவீனம் இதுதான். மேலேயிருந்து கசியும் மழைநீரில் ஒட்டு விட்டு, உத்தரம் மெல்லத் தொய்யும். மரத்தின் அடியில் தளம் குழிவதும், பக்கக் கம்பிகள் எத்தனை முறுக்கினாலும் தளர்வதும் அதன் அறிகுறிகள். நீளமான ஒரு நேர்ச்சட்டத்தைத் தளத்தின்மேல் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மரம் நின்ற பிறகு இதில் ஒன்றும் செய்ய முடியாது. பலர் உத்தரத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டை வைத்துப் போல்ட் போட்டு வலுப்படுத்துகிறார்கள்; முற்றிப்போனால் புது உத்தரம்தான்.

மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளின் கீழ்முனையில் நீர் தங்கும். அங்கேதான் மயிரிழை வெடிப்பு வரும். பழந்துணியால் கம்பியை உருவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி ஓய்வு பெற வேண்டியதுதான்.

காத்திருக்கக்கூடியவை

இனி படகின் மிகப் பெரிய பழுதுக்கு வருவோம். அதைத்தான் தள்ளிவைக்கப் போகிறோம்.

மேல்தளம் இரண்டு பைபர்கிளாஸ் தோல்களும் நடுவே ஒரு பலகையும் சேர்ந்தது. ஆல்பர்க் 30இன் முந்திய படகுகளில் மேசனைட், பிந்தியவற்றில் பால்சா. தளத்தில் போல்ட் போட்ட ஒவ்வோர் இடத்திலும் நீர் கசிந்து நடுப்பலகையை எட்டும். குளிர்காலத்தில் அது உறைந்து ஒன்பது விழுக்காடு பெருத்து, தோலையும் பலகையையும் பிரிக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போன சித்தப்பா, முன்தளத்தில் ஒரு முழம் அகலத்துக்குக் கோட்டை மூடினார்.

“இப்ப வெட்டுவமா சித்தப்பா?”

“இந்தக் குளிருக்கு ரெசின் இறுகாது தம்பி. கோட்டைப் போட்டு வை. வெயில் ஏறட்டும்.”

எபாக்சி பத்து டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகத்தான் இறுகும். குளிரிலும் ஈரத்திலும் மேலே மெழுகு போன்ற படலம் பூத்து, அடுத்த பூச்சு ஒட்டாமல் செய்யும். டொராண்டோவின் ஏப்ரல் அந்த வேலைக்கு ஆகாது. தோலை வெட்டித் திறந்து, அழுகியதைச் சுரண்டி, புதுப் பால்சா பதித்து, ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து நார்த்துணி போட்டு மூடும் வேலையை ஜூலையில், படகு மிதந்துகொண்டிருக்கும்போதே செய்யலாம். மேல்தளம் எப்போதும் கைக்கு எட்டும். இப்போது செய்ய வேண்டியது கசிவை நிறுத்துவது மட்டும்: கெட்ட பகுதியைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் நாடா வைத்து மறுபடி இறுக்குவது.

எஞ்சினும் பாதி காத்திருக்கும். இந்தப் படகுகள் பலவற்றில் இருக்கும் அட்டாமிக் 4, பெட்ரோலில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சின். பெட்ரோல் நீராவியைப் போல மேலே போகாது, அதன் ஆவி காற்றைவிடக் கனம். அடிவயிற்றில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். கிளப்புமுன் காற்றோட்ட விசிறி குறைந்தது நாலு நிமிடம் ஓட வேண்டும் என்பது கனடாவின் பாதுகாப்பு அறிவுரை. அந்த விசிறியும் எரிபொருள் குழாயும் இறங்குமுன் சரியாக இருக்க வேண்டும். நீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தையும் மாற்றிவிடலாம், விலை அற்பம். கார்புரேட்டர் நுணுக்கங்கள் படகு இறங்கிய பிறகு. வார்னிஷ், மெத்தை உறை, பித்தளை விளக்குக்கு மெருகு எல்லாம் அதற்கும் பிறகு.

பட்டி தளரும் முன்

கிரேன் நாளில் ஒரே ஒரு வழக்கத்தைக் கைவிடாதீர்கள். படகு நீரைத் தொட்டதும், அதைத் தூக்கியிருக்கும் அகலப் பட்டிகளைத் தளர்த்த வேண்டாம் என்று கிரேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, டார்ச்சுடன் உள்ளே குதிக்க வேண்டும். ஒவ்வொரு சீகாக்கையும், ஒவ்வொரு ஹோஸ் முனையையும், தண்டின் பெட்டியையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் நனைந்தால் கை உயர்த்துங்கள்; படகு மறுபடி மேலே போகும். சில நிமிடத் தாமதத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பட்டி கழன்ற பிறகு கண்டுபிடித்தால் மொத்த வரிசையும் நிற்கும்.

எல்லாம் உலர்ந்திருந்தால் படகு இறங்கிவிட்டது. பட்டியலில் பாதிக்கு மேல் இன்னும் கோடு விழவில்லை, ஆனால் மீதி எல்லாம் மிதந்தபடியே செய்யக்கூடியவை. கோடை முழுக்க அதற்கு இருக்கிறது.

அடுத்த வாரம்: மரத்தை நிறுத்தி, கம்பிகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்குவது.

(தொடரும்)