சிலிகோன் ரப்பர் கலவை அறை: வேலைக்குச் சேரும் முன் தெரிந்துகொள்வோம்

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டம் பிரிந்தாலும் பிழைப்பு பிரியவில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக நம் பிள்ளைகள் இன்றும் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று 'ரப்பர் மிக்ஸிங் ஆபரேட்டர்'. பெயரைக் கேட்டால் மாவு பிசைகிற வேலை போலத் தோன்றும். கை போகக்கூடிய வேலை அது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பொருளைப் பற்றி. கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் எடுத்துச் செய்கிற ரப்பர் வேறு, சிலிகோன் ரப்பர் வேறு. இதன் மூலக்கூறுச் சங்கிலியில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோக்கப்பட்டிருக்கும். சிலிக்கான் என்பது மணலிலிருந்து எடுக்கும் தனிமம். சிலிகோன் என்பது அதிலிருந்து செய்யும் பொருள். கடைக்காரர்கள்கூட இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சாதாரண ரப்பர் காய்ந்து வெடித்துவிடுகிற 200 டிகிரி செல்சியஸ் சூட்டையும் சிலிகோன் தாங்கும். குக்கருக்குள் இருப்பது சுமார் 120 டிகிரிதான். குக்கர் கேஸ்கட், அடுப்பங்கரை அச்சுகள், வாகன எஞ்சின் குழாய்கள், மருத்துவக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் இது பயன்படுவது அதனால்தான்.

இதைத் தயார் கலவையாகவே வாங்கலாமே, தொழிற்சாலைகள் ஏன் சொந்தமாகக் கலக்கின்றன? ஒரு வாடிக்கையாளர் சிவப்பு கேட்பார், இன்னொருவர் நீலம் கேட்பார். ஒருவருக்கு மெத்தென்று வேண்டும், இன்னொருவருக்குக் கெட்டியாக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி இருப்பு வைத்தால் பணம் முடங்கும். அதோடு, வேகவைக்கும் மருந்தான பெராக்சைடைச் சேர்த்துவிட்ட கலவையை நெடுநாள் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே அடிப்படை ரப்பரை இரண்டு மூன்று கடினத்தில் மட்டும் வாங்கிவைத்து, தேவைக்கேற்பக் கலந்துகொள்கிறார்கள். கணக்கு எளிது. ஷோர் அளவில் 40 கடினமுள்ளதையும் 70 கடினமுள்ளதையும் சம எடையில் கலந்தால் ஏறத்தாழ 55 வரும். 40-இல் இரண்டு பங்கு, 70-இல் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 50. எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு ஒழுங்காகத் தெரிந்த பையன் இந்த அறையில் சீக்கிரம் மேலே வந்துவிடுவான்.

எதிரெதிராகச் சுழலும் இரண்டு எஃகு உருளைகளுக்கு 'டூ ரோல் மில்' என்று பெயர். கிடங்கில் கிடந்த ரப்பர் விறைத்துப் போயிருக்கும். அதை முதலில் தனியாக ஓட்டி இளக்க வேண்டும். பிறகு நிறப் பசை, கடைசியில் பெராக்சைடு. பெராக்சைடின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும், அதாவது 10 கிலோவுக்கு 100 கிராம். குறைந்தால் பொருள் சரியாக வேகாமல் பிசுபிசுக்கும், அமுங்கினால் பழைய வடிவுக்குத் திரும்பாது. உருளை சூடேறிவிட்டால் கலவை அங்கேயே வேக ஆரம்பிக்கும். அதனால்தான் உருளைக்குள் குளிர்ந்த நீர் ஓடுகிறது. அச்சில் 170 டிகிரி வாக்கில் வேகவைத்து, பிறகு அடுப்பில் 200 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். பெராக்சைடின் மிச்சங்கள் அப்போதுதான் வெளியேறும். உணவுப் பொருள் படுகிற உருப்படிகளுக்கு இந்தக் கடைசிப் படியை மின்சாரச் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவது பெரிய தவறு. குழந்தைகளின் பால்புட்டி நிப்பிள் போன்றவற்றுக்குப் பெராக்சைடுக்குப் பதில் பிளாட்டினம் முறையே ஏற்றது. ஆனால் கந்தகம் சேர்த்த சாதாரண ரப்பரை ஓட்டிய மில்லைச் சரியாகத் துடைக்காமல் இந்தக் கலவையைப் போட்டால் அது வேகவே வேகாது.

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை: குக்கர் கேஸ்கட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 7466. சாலையோரக் கேஸ்கட்டை நம்பிக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இனி ஆபத்து. இரண்டு உருளைகளும் சந்திக்கும் இடம் விரலைப் பிடித்தால் கையை இழுத்துவிடும். சுதாரிக்க நேரம் இருக்காது. தளர்ந்த கையுறை, நீண்ட சட்டைக் கை, மோதிரம், கைக்கயிறு எதுவும் கூடாது. ரப்பரை வெட்டும்போது கத்தி உருளையின் கீழ்ப்பகுதியில்தான் படவேண்டும், சந்திப்புக்கு அருகில் அல்ல. அவசர நிறுத்தக் கம்பி இல்லாத மில்லில், அல்லது அது வேலை செய்யாத மில்லில், நிற்கவே கூடாது. ஷிப்ட் தொடங்கும்போது அதைத் தள்ளிப் பார்த்து உருளை உடனே நிற்கிறதா என்று சோதிப்பது தொழிலாளியின் உரிமை. இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் வேலை செய்யாதிருப்பதே மேல். 18 வயது நிறையாதவர்களை முழுப் பயிற்சியும் தகுந்த மேற்பார்வையும் இல்லாமல் ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக்கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டே உள்ள விதி. பெற்றோர்கள் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, தூசி. சில இடங்களில் செலவைக் குறைக்கக் குவார்ட்ஸ் தூளைக் கலவையில் சேர்ப்பார்கள். கிரானைட் அறுக்கும் வேலைக்குப் போய் நெஞ்சு கெட்டவர்களை நம் பகுதி அறியும். அதே சிலிக்கோசிஸ் நோய் இந்தத் தூளாலும் வரும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. தூசி உறிஞ்சும் அமைப்பும் உரிய முகக்கவசமும் வேண்டும். பெராக்சைடைப் பொறுத்தவரை, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், தீயிலிருந்து விலக்கித் தனியே வைக்க வேண்டும்.

சேரும் முன் நிறுவனத்திடம் நான்கைந்து கேள்விகளாவது கேளுங்கள். பொடியை நானே கொட்ட வேண்டுமா, அல்லது தயார் அடிப்படை ரப்பரா? மில்லில் தனியாக நிற்பதற்கு முன் எத்தனை நாள் பயிற்சி? இரவு ஷிப்டில் உடன் யார் இருப்பார்? இ.எஸ்.ஐ. உண்டா? மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். விபத்தில் ஊனமானால் மாதாமாதம் பணம் வருவது இதன் வழியாகத்தான். எனவே இ.எஸ்.ஐ. எண்ணைச் சேர்ந்த உடனேயே கேட்டு வாங்கி, அதன் நகலை வீட்டில் கொடுத்து வையுங்கள்.