ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்

“டாக்டர் கேட்டா வயித்து வலின்னு சொல்லிரு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத.”

மும்பை தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு விரையும் ஆட்டோவில் இப்படி ஒரு பேச்சு நடப்பது அரிதல்ல. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை உயிரை விட முயன்றிருக்கும். பெற்றவர்களுக்கு உயிர் பிழைக்குமா என்ற பயம் ஒரு பக்கம், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் மறுபக்கம். இரண்டாவது பயம்தான் பொய் சொல்ல வைக்கிறது. அந்தப் பொய்யால் இரண்டு கேடு வருகிறது. என்ன நடந்தது என்று தெரியாததால் சரியான சிகிச்சை தாமதமாகிறது. அதையும் தாண்டிப் பிள்ளை பிழைத்துவிட்டால், “வயிற்று வலி” என்று எழுதிய பேப்பரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

சட்டத்தில் இன்று இந்தப் போலீஸ் பயத்துக்கு இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வழி செய்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 226ஆம் பிரிவு மட்டும் இருக்கிறது. அது ஓர் அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைக்கவோ அவர் வேலையைத் தடுக்கவோ உயிரை விட முயல்பவர்களைப் பற்றியது. வீட்டுச் சண்டையிலோ மார்க் குறைந்ததிலோ மனமுடைந்த பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதற்கும் முன்பே, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), தன் 115ஆம் பிரிவில், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து வாக்குமூலமும் வாங்கலாம். அதனால் பிள்ளை குற்றவாளி ஆகிவிடாது. அந்தப் பேப்பரைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. “இது போலீஸ் கேஸ், கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று தனியார் மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் தவறு. முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

உண்மையை மறைக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு பெரியது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2010இல் இந்தியாவில் சுமார் 1,34,600 தற்கொலைகள் என்றது காவல்துறைப் புள்ளிவிவரம். வீடு வீடாகச் சென்று இறப்பின் காரணத்தை விசாரித்த ஆய்வு ஒன்று, அதே ஆண்டில் சுமார் 1,87,000 என்று மதிப்பிட்டது. 2012இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வெளியானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் பத்தாண்டு இறப்புகளை இதேபோல் விசாரித்து 2004இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கலங்க வைப்பது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், பையன்களில் 58 பேர். அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைதான்.

பரீட்சைதான் காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ரிசல்ட் வரும் வாரத்தில் செய்திகளும் அப்படித்தான் வருகின்றன. தேசிய குற்றப் பதிவேடு அமைப்பின் 2022 அறிக்கைப்படி நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாநில வரிசையில் மகாராஷ்டிரம் முதலிடம். ஆனால் எல்லா வயதையும் சேர்த்தாலும் தேர்வுத் தோல்வி என்று பதிவானவை 2,248தான். மற்றவற்றுக்குப் பின்னால் வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, காதல், யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொல்லை, கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு எனப் பல இருக்கும். பெரும்பாலும் ஒன்றல்ல, மூன்று நான்கு சேர்ந்தே இருக்கும்.

பரீட்சை விஷயத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வலியுறுத்தியதன் பலனாக, தோற்ற பிள்ளைகள் ஓராண்டை இழக்காமல் உடனே எழுதும் துணைத் தேர்வு தமிழ்நாட்டில் வந்தது. மகாராஷ்டிர வாரியமும் 2015 முதல் பத்தாம் வகுப்புக்கு ஜூலை மறுதேர்வு நடத்தத் தொடங்கியது. மார்ச்சில் போனது ஜூலையில் கிடைக்கும் என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் போல மட்டுமே கேட்கும்.

இன்னொரு பயம் வீட்டுக்குள் இருக்கிறது: “நாமளா கேட்டா, இல்லாத எண்ணமும் வந்துரும்.” வராது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனம் வாடியிருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது பாரத்தைக் குறைத்ததற்கான அறிகுறிகூடத் தெரிந்தது. ஆகவே தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, கூட்டாளிகளை விட்டு விலகி, “நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி” என்று பேசும் பிள்ளையிடம் சுற்றி வளைக்க வேண்டாம். “உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதாம்மா?” என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் அதட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் வாங்கினால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது, அவ்வளவுதான். அந்த இரவு தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் நச்சுப் பொருள்களையும் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். உயிரை விடத் துடிக்கும் அந்த உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அதைக் கடத்திவிடுவதே பெரிய காரியம்.

கேட்பதற்குத் தனி இடம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. பத்துக்குப் பத்து கோலியில் (அறையில்) ஆறு பேர், மேலே மாலாவில் (பரணில்) தையல் மெஷின், ஒரே ஒரு போன். பெரியவர்கள் வயசுப் பிள்ளையிடம் ரகசியம் பேச அங்கே மூலை ஏது? தண்ணீர் பிடிக்கப் போகும்போதோ, டியூஷனுக்குக் கூட்டிப்போகும்போதோ நடந்துகொண்டே பேசுவது எளிது. முகம் பார்க்காமல் பேசுவது பல பிள்ளைகளுக்கு வசதியும்கூட. அந்த ஒரே போனை அரை மணி நேரம் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எட்டி நிற்பதும் உதவிதான். டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம் நடத்தும் ‘ஐகால்’ 9152987821. தமிழில் பேச சென்னை ஸ்நேகா 044-24640050. தாராவியின் சோட்டா சயான் ஆஸ்பத்திரியில் ஆலோசனை தரும் ‘ஸ்நேஹா’ வேறு அமைப்பு. 1999இல் சயான் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. வீட்டில் அடி உதை என்றால் நாட வேண்டிய இடம் அது.

பள்ளிக்கூடம் பற்றி ஆய்வுகள் சொல்வது ஆசிரியர்களுக்குச் சற்றுக் கசக்கும். பத்து ஐரோப்பிய நாடுகளின் 11,110 மாணவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாணவர்களோடு நேரடியாக மனநலம் பேசி, நடித்துக் காட்டிப் பழக்கிய திட்டம், ஓராண்டில் புதிய தற்கொலை முயற்சிகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த திட்டத்துக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்விலும் (2018) அதே கதை: தனி ஆலோசகர் வந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வு குறைந்தது, ஆசிரியரே ஆலோசகராக இருந்த இடங்களில் மாற்றமில்லை. மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சுகதேவ் சாஹா வழக்கில் தந்த 15 வழிகாட்டுதல்கள் இதனால்தான் முக்கியம். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கவோ, எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தவோ கூடாது. உதவி எண்களை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். கோச்சிங் கிளாஸ்களுக்கும் இது பொருந்தும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் லட்சக்கணக்கில் பீஸ் கட்டும் பெற்றோர், அடுத்த மீட்டிங்கில் ரேங்க் லிஸ்ட்டைக் கேட்பதற்கு முன் ஆலோசகர் யார் என்று கேட்கலாம். பள்ளியில் அடியும் அவமானமும் தொடர்ந்தால் மகாராஷ்டிர மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது.

மனநல வார்டில் சேர்க்க வேண்டும் என்றால் “அடைச்சு வச்சு கரண்ட் கொடுப்பாங்க” என்று அஞ்சுவோர் இன்னும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. உறவினரோ உதவியாளரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் சிறாருக்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை தர முடியாது. சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லவும் கூடாது. இவையெல்லாம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கின்றன.

பிழைத்து வந்த பிறகு நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. கோயிலில் கயிறு கட்டி, திருநெல்வேலியில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்பிள்ளையானால் மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவார்கள். பதினெட்டு நிரம்பாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், செய்வதால் மனச்சோர்வும் தீராது. கயிறு கட்டுவதில் தவறில்லை, ஊருக்கு அனுப்புவதுகூடச் சிலருக்கு நல்லது. சிக்கல் எங்கே என்றால், சிகிச்சை அறுந்துபோகிறது. முன்பு ஒரு முறை முயன்றதுதான் மறுபடி முயல்வதற்கான மிகப் பெரிய அபாய அறிகுறி.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு (2008) மிகச் சாதாரணமான ஒன்றைச் செய்து பார்த்தது. முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ “எப்படி இருக்கே?” என்று விசாரித்தார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் பிறகு தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, பழைய டீச்சர் என்று யாராலும் செய்யக்கூடிய வேலை இது.

ஊருக்கே அனுப்புவதானாலும் ஆஸ்பத்திரிப் பேப்பர்களைப் பையில் வைத்து அனுப்புங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸுக்கு அங்கும் அதே 14416தான். சயானில் டிஸ்சார்ஜ் ஆகும்போதே பேப்பரில் மனநல ஓ.பி.டி.க்கு வர வேண்டிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள்.