பத்து சிட்டிங் முடிஞ்சும் வலி போகலையா? பிசியோதெரபியில் உண்மையில் வேலை செய்வது எது?

முழங்காலைச் சுற்றி நாலு பேட் ஒட்டுவார்கள். 15 நிமிடம் கரன்ட் வைப்பார்கள். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், கொஞ்சம் ஒத்தடம், கடைசியில் ரெண்டு ஸ்ட்ரெச்சிங். "நாளைக்கு இதே டைமுக்கு வந்துடுங்க." இப்படி பத்து சிட்டிங் போய்விட்டு, வலி குறைஞ்ச மாதிரி இருக்கேன்னு ஞாயிற்றுக்கிழமை டர்ஃபில் இறங்கினால் இருபதாவது நிமிடத்தில் அதே இடத்தில் சுருக்கென்று பிடிக்கும். உடனே, "பிசியோ எல்லாம் எனக்கு செட் ஆகல" என்று முடிவு கட்டிவிடுவோம்.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அந்தப் பத்து நாளில் பெற்றது பிசியோதெரபியின் ஒரு சின்ன பகுதி மட்டும்தான். அதுவும் முக்கியத்துவம் குறைந்த பகுதி.

கரன்ட் வைத்தால் என்ன ஆகிறது?

தோல் வழியாகக் கொடுக்கும் மின்தூண்டல், வலியை மூளைக்குக் கொண்டுபோகும் செய்தியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. ஒத்தடமும் அப்படித்தான், இதமாக இருக்கும். தப்பில்லை. ஆனால் இவை எதுவும் தொடைத்தசையை வலுவாக்காது. கிழிந்த நாரைச் சுமை தாங்கப் பழக்காது.

உடம்பின் திசுக்கள் ஒரே ஒரு மொழியைத்தான் புரிந்துகொள்கின்றன. அது சுமை. தசை, எலும்பு, தசையை எலும்போடு சேர்க்கும் நாண் எல்லாமே, தாங்கக்கூடிய அளவுக்குச் சற்று மேலே சுமை கொடுத்து, ஓய்வும் கொடுத்தால் வலுவாகும். சுமையே கொடுக்காவிட்டால் மெலியும். திடீரென்று அளவுக்கு மேல் கொடுத்தால் காயப்படும். ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஆறாவது நாள் 90 நிமிடம் ஃபுட்பால் ஆடுவது மூன்றாவது வகை. நல்ல பிசியோதெரபிஸ்ட்டின் வேலை, உங்கள் கால் இன்று எவ்வளவு சுமை தாங்கும் என்று கண்டுபிடித்து, அதை வாரா வாரம் ஏற்றுவது. மெஷின் அதற்குப் பக்கத்துணை, அவ்வளவுதான்.

நாட்பட்ட முதுகுவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அதில் முறையான உடற்பயிற்சித் திட்டமும் வலியைப் பற்றிய புரிதலும் பரிந்துரைக்கப்பட்டன. இடுப்பு பெல்ட், டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், தோல்வழி மின்தூண்டல் ஆகியவை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்ற பட்டியலுக்குப் போயின. நம்மூர் கிளினிக்குகளில் தினமும் நடப்பதையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

அடிபட்ட முதல் இரண்டு நாள்

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது பழுதுபார்க்கும் வேலையின் தொடக்கம், அதை முழுக்க அணைக்க வேண்டியதில்லை என்பது இன்றைய பார்வை. வலி தாங்கவில்லை என்றால் ஐஸ் வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு நாள் காலுக்கு வேலை கொடுக்காமல் இருந்துவிட்டு, வலி அனுமதிக்கும் அளவுக்கு அசைக்கத் தொடங்குவதுதான் முக்கியம். புதுக் காயத்தில் எண்ணெய் தேய்த்து "சுளுக்கு எடுப்பது" மட்டும் வேண்டாம். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அது விபரீதம்.

முறிவு இருக்குமோ என்று சந்தேகிக்க எளிய வழி ஒன்று உண்டு. கணுக்கால் திரும்பியதும் நாலு அடி கூட வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறதா? எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன்தான்"

டர்ஃபிலும் பேட்மிண்டன் கோர்ட்டிலும் அதிகம் பயமுறுத்தும் பெயர் ஏ.சி.எல். முழங்காலுக்குள் குறுக்காக ஓடி, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் தசைநார் அது. யாரும் இடிக்காமலே கிழியலாம். ஓடிக்கொண்டே திசை மாறும்போதோ, குதித்து இறங்கும்போதோ "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் பெரிய வீக்கம், பிறகு படி இறங்கும்போது முட்டி மடங்கிப்போகிற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் கிழிந்தால் ஆபரேஷன் என்பது எல்லோருக்குமான விதி அல்ல. ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தொழில்முறை வீரர்கள் அதில் இல்லை, உங்களையும் என்னையும் போல ஆடுபவர்கள்தான். ஒரு குழுவுக்கு உடனே அறுவை சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை சிகிச்சை. 2010-ல் வெளியான முடிவுகளின்படி, இரண்டாவது குழுவின் 59 பேரில் 23 பேருக்குத்தான் இரண்டு ஆண்டுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஐந்தாவது ஆண்டில் அது ஏறக்குறையப் பாதிப் பேராக உயர்ந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே பூட்டிக்கொண்ட முட்டி, கூடவே சரிசெய்யக்கூடிய குறுத்தெலும்புக் கிழிசல் போன்ற அவசரங்கள் இல்லையென்றால், "மூணு மாசம் பயிற்சி செஞ்சு பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. முட்டி அடிக்கடி நழுவினால், அல்லது திசை மாறும் விளையாட்டைத் தீவிரமாகத் தொடர விரும்பினால், அறுவை சிகிச்சைதான் நியாயமான வழி.

அதைச் செய்துகொண்டவர்களுக்கு உண்மையான ஆபத்து எப்போது தெரியுமா? நாலாவது, ஐந்தாவது மாதத்தில். வலி போயிருக்கும். வீக்கம் இருக்காது. படி ஏறலாம், பைக் ஓட்டலாம். "நான் ஓகே" என்று தோன்றும். ஆனால் உள்ளே வைக்கப்பட்ட புது நார் (பெரும்பாலும் உங்கள் தொடையின் பின்பகுதியிலிருந்தோ முட்டிக்குக் கீழிருந்தோ எடுத்த நாண்தான்) இன்னும் தசைநாராக மாறிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கும். தொடையின் முன்தசையும் மறு காலின் அளவுக்கு வந்திருக்காது.

2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று 106 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் 9 மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் காயப்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தசை வலு, ஒற்றைக் கால் தாவல் போன்ற சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38% பேர் மறுபடி முழங்காலில் காயப்பட்டனர். தேறித் திரும்பியவர்களில் அது 6 சதவீதத்துக்கும் கீழே. தேறியவர்கள் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவு. "எத்தனை மாசம் ஆச்சு?" என்பதோடு "சோதனையில் 90% வந்ததா?" என்பதும் சேர்ந்துதான் உங்கள் ரிட்டர்ன் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

ரிஷப் பந்த்தை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் 30-ல் ரூர்க்கி அருகே கார் விபத்து, முழங்கால் தசைநார்களுக்கு மும்பையில் அறுவை சிகிச்சை, பிறகு பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் மறுபயிற்சி. மறுபடி ஐ.பி.எல். களத்தில் இறங்கியது 2024 மார்ச்சில். சுமார் 15 மாதம். அவருடைய காயம் சாதாரண ஏ.சி.எல். கிழிசலை விடப் பெரியது, சரி. ஆனால் அவருக்கு முழுநேர வேலையே குணமாவதுதான். நமக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கும் டின்னருக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரம்தான் ஜிம்.

வலியோடு பயிற்சி செய்யலாமா?

அளவோடு செய்யலாம். ஓடுபவர்களுக்கு வரும் குதிகால் நாண் வலி இதற்கு நல்ல உதாரணம். ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால வலியால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. தினமும் இரண்டு வேளை, 12 வாரம், வலித்தாலும் தொடர வேண்டும். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் இத்தனை பளிச்சென்று இல்லை. ஆனால் நாண் வலிக்கு ஓய்வு மருந்தல்ல, சுமைதான் மருந்து என்ற மாற்றம் அங்கிருந்து வேகம் பிடித்தது.

பல பிசியோதெரபிஸ்ட்டுகள் சொல்லும் நடைமுறை அளவு இது. பத்துக்கு மூன்று, நான்கு வரை வலிக்கலாம். அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நேற்று கொடுத்த சுமை அதிகம், அதைக் குறைக்க வேண்டும். பயிற்சியையே நிறுத்த வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று இருக்கிறதே?

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. இங்கே கணக்கு மாறுகிறது. திசு ஆறியிருக்கும், ஆனால் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை அணைக்க மறந்திருக்கும். தூக்கக் குறைவு, அப்ரைசல் டென்ஷன், "குனிஞ்சா டிஸ்க் வெளியே வந்துடும்" என்ற பயம் எல்லாம் அந்த மணியின் சத்தத்தைக் கூட்டும். வலி கற்பனை என்று இதற்குப் பொருளல்ல, வலி நிஜம். ஆனால் வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றல்ல.

இந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுவது பல நேரம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30% பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, 37% பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் தேய்மானம் 96%. நரைமுடி மாதிரிதான் இது. ரிப்போர்ட்டை வாங்கி கூகுளில் தேடி, ஜிம்மை நிறுத்தி, பெல்ட் கட்டிக்கொண்டு ஆறு மாதம் குனியாமல் இருந்தால் முதுகு மேலும் பலவீனமாகும். நடை, எடை தூக்கும் பயிற்சி, நீச்சல், யோகா என்று எதுவானாலும் நீங்கள் தொடர்ந்து செய்யக்கூடியதே உங்களுக்கு ஏற்றது. 30,000 ரூபாய் நாற்காலி வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாற்காலியிலிருந்தும் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் பிசியோவுக்குக் காத்திருக்காதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது?

பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா என்று கேளுங்கள். இந்தியா முழுமைக்குமான சட்டம் ஒன்று இந்தத் தொழிலுக்கு 2021-ல்தான் வந்தது. அதுவரை டெல்லி, மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனி கவுன்சில்கள் இருந்தன. பெயருக்கு முன் "டாக்டர்" போடலாமா என்ற சண்டை கூட இன்னும் சூடாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் போடக்கூடாது என்று கடிதம் அனுப்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் முட்டிக்கு அந்தப் பட்டம் முக்கியமில்லை. முதல் நாளில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். கதை கேட்கிறாரா, இரண்டு காலின் வலுவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாரா, வீட்டில் செய்யப் பயிற்சி எழுதித் தருகிறாரா, இரண்டு வாரம் கழித்து அதைக் கடினமாக்குகிறாரா? பார்க்கும் முன்பே "பதினஞ்சு சிட்டிங் பேக்கேஜ் எடுத்துக்கோங்க" என்றால் வேறு இடம் தேடுவது நல்லது.

கடைசியாக, பணம். பெரும்பாலான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவை வழக்கமாக 60 அல்லது 90 நாள் வரை ஏற்கும். பயிற்சியோ 9 மாதம். அதாவது, பலர் பிசியோவைக் கைவிடும் அந்த நாலாவது மாதத்தில்தான் இன்ஷூரன்ஸும் கையை விரிக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாலிசியில் ஓ.பி.டி. கவர் இருக்கிறதா, அதில் பிசியோதெரபி சேருமா என்று ஹெச்.ஆரிடம் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பிசியோதெரபிஸ்ட்டிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: முதல் மூன்று மாதம் அடிக்கடி, அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சோதனைக்கும் புதுப் பயிற்சிக்கும், மற்ற நாள்களில் ஜிம்மில் நீங்களே. பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.