தாக்கினால் மென்பொருள் தேறுமா?

அடி வாங்க வாங்கத்தான் மென்பொருள் தேறும் என்பவர்கள் விண்டோஸைச் சுட்டுவார்கள். 2001இல் கோட் ரெட், நிம்டா என்ற கணினிப் புழுக்கள் மைக்ரோசாஃப்டின் மென்பொருள்களை உலகெங்கும் நிலைகுலையச் செய்தன. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ், புதிய வசதிகளைவிடப் பாதுகாப்பே முதலில் என்று ஊழியர்களுக்கு எழுதினார். 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. உண்மைதான். ஆனால் ஓட்டையைக் காட்டியது மட்டுமே புழுவின் வேலை; அடைத்தது, அதற்கென்று ஒதுக்கப்பட்ட ஆட்களும் பணமும் காலமும். அந்தத் திருத்தம் கடைசிக் கணினி வரை போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண். வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. மே 12 அன்று தாக்குதல் தொடங்கியபோது அதை நிறுவாத கணினிகள் பிரிட்டன் மருத்துவமனைகளில் முடங்கின. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வேப்பூர் கடைத்தெருவில் ஆதார் அச்சிட்டுத் தரும் ஒரு பழைய விண்டோஸ் 10 கணினி திருத்தமின்றி ஓடினால், இனி வரும் ஒவ்வொரு தாக்குதலும் அதை மேலும் பலவீனமாக்கும். ஓட்டை எங்கே என்பது அதற்குள் ஊரறிந்த செய்தியாகிவிடும்.

அப்படியானால் யாரும் தாக்காத மென்பொருளே மேல் என்று சொல்லலாமா? இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் 2012இல் வெளியான பதிப்பிலேயே ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை இருந்தது. மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தும், 2014 ஏப்ரல் வரை அது வெளிவரவில்லை. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளைச் சொற்ப ஆட்களே பராமரித்துவந்தார்கள். பெருநிறுவனங்களின் நிதி அதன்பிறகுதான் வந்தது. அமைதியைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இணையத்தோடு இணைக்காமல் வைத்தால் போதும் என்பது இன்னொரு வாதம். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் அதைத்தான் சொன்னது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குகின்றன, தாக்குதலுக்கு வழியில்லை என்று அக்டோபர் 29 அன்று மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை ஒப்புக்கொண்டது. கணினித் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. அணு உலை தப்பியது பெரிய ஆறுதல். ஆனால் இடைப்பட்ட எட்டு வாரங்களில், அதே தீநிரலுக்கு இலக்காகக்கூடிய மற்ற அலுவலகங்கள் இந்தத் தாக்குதலிலிருந்து வெளிப்படையாக எதையும் கற்றிருக்க முடியாது. தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. அந்த அறிக்கைகளின் சாரம் சிறிய அலுவலகங்களுக்கும் புரியும் தமிழில், காலத்தோடு வெளிவர வேண்டும்.