அழைக்க இயலாத கைபேசி: பழுது கருவியிலா, கணக்கிலா?

தில்லியில் நான் வசிக்கும் அரசுக் குடியிருப்பின் காவலர் பீகார் மாநிலத்தைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு ஒரு நாள் தம் திறன்பேசியை என்னிடம் நீட்டி, மூன்று நாட்களாக ஊரிலுள்ள தாயாரை அழைக்க முடியவில்லை என்றார். ஊரிலிருந்து வரும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அலுவலக வைஃபையில் இணையமும் ஓடியது. இவர் எண்ணை அழுத்தினால் மட்டும் அழைப்பு செல்லவில்லை. பழுதுபார்க்கும் கடையில் ‘போர்டு’ போய்விட்டது என்று கூறி, அவருடைய ஒரு வாரச் சம்பளத்திற்கு நிகரான தொகையைக் கேட்டிருந்தார்கள். நான் ஒரு முறை அழைத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒலித்தது. ‘ரீசார்ஜ் செய்திருக்கிறேனே’ என்றார் அவர். செய்திருந்தது உண்மைதான், ஆனால் அவர் வாங்கியது கூடுதல் இணையத் தரவுக்கான சீட்டு. அது தரவைக் கூட்டுமே தவிர, சேவையின் செல்லுபடிக் காலத்தை நீட்டுவதில்லை.

இந்நிகழ்ச்சி அரிதானது அன்று. கைபேசியில் அழைப்பு செல்லவில்லையெனில் கருவியே பழுதாகிவிட்டது எனக் கொள்வது மக்களின் இயல்பு. உண்மையில் ஓர் அழைப்பு நிறைவேற மூன்று தரப்புகள் இசைய வேண்டும். கையிலுள்ள கருவி ஒன்று. டவரும் அதன் பின்னுள்ள வலைப்பின்னலும் மற்றொன்று. நிறுவனத்தின் ஏட்டில் சந்தாதாரரின் பெயரிலுள்ள கணக்கு மூன்றாவது. இவற்றுள் எது தடையாக நிற்கிறது என்பதை அறியப் பொருட்செலவு தேவையில்லை.

முதற்கண், அழைத்தவுடன் என்ன கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட அறிவிப்பு காதில் விழுகிறதென்றால், குரல் டவரிலிருந்து கருவிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் போர்டை மாற்றுவது வீண் செலவாகும். அறிவிப்பு ஏதுமின்றி அழைப்பு உடனே அறுந்தாலோ, திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று காணப்பட்டாலோ, விமானப் பயன்முறை தவறுதலாக இயக்கப்பட்டுள்ளதா, இரு சிம் உள்ள கருவியாயின் அழைப்புக்குச் சரியான சிம் தேர்வு செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்து, கருவியை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும். பிறகு சிம் கார்டை வேறொரு கருவியிலும், வேறொருவர் சிம்மை நம் கருவியிலும் இட்டுச் சோதிக்கலாம். நம் சிம் அங்கு இயங்கினால் குறை நம் கருவியில் அல்லது அதன் அமைப்புகளில் உள்ளது. அங்கும் இயங்காவிடில் சிம், கணக்கு, வலைப்பின்னல் ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. இச்சோதனையில் இரண்டு சிம்களும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருத்தல் நலம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கணக்கினால் ஏற்படும் தடையே இங்கு விரிவாக ஆராயத்தக்கது. வெளிச்செல்லும் அழைப்பு முதலில் நிற்பதும், உள்வரும் அழைப்பு மேலும் சில நாட்கள் நீடிப்பதும் ஏன்? 1995-இல் நம் நாட்டில் கைபேசிச் சேவை தொடங்கியபோது அழைப்பவர், கேட்பவர் இருவருமே கட்டணம் செலுத்தினர். 2003 மே மாதம் முதல் அழைப்பவர் மட்டுமே செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. கேட்பவரின் நிறுவனத்திற்கு, அழைப்பவரின் நிறுவனம் நிமிடத்திற்கு இவ்வளவு என்று இணைப்புப் பயன்பாட்டுக் கட்டணம் அளித்து வந்தது. ஆகவே, தாமாக யாரையும் அழைக்காமல், வரும் அழைப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்த எளிய சந்தாதாரரும் நிறுவனத்திற்கு வருவாய் ஈட்டித் தந்தார். ‘மிஸ்டு கால்’ கொடுத்துப் பிறரை அழைக்கச் செய்யும் வழக்கம் செழித்ததும், 2005-ஆம் ஆண்டின் இறுதியில் ‘வாழ்நாள் செல்லுபடி’ என்ற திட்டங்கள் தோன்றியதும் இப்பின்னணியில்தான்.

அக்கட்டணம் 2017 அக்டோபரில் நிமிடத்திற்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைக்கப்பட்டது. 2021 சனவரி முதல் நாளிலிருந்து அறவே நீக்கப்பட்டது. கட்டணப் போட்டியும் கடுமையாக இருந்த அவ்வேளையில், அழைப்புகளை ஏற்க மட்டும் செய்யும் சந்தாதாரர் நிறுவனத்தின் கணக்கில் வரவில்லாத செலவாக மாறினார். 2018-இன் பிற்பகுதியில் பெரிய நிறுவனங்கள் 28 நாட்களுக்கு 35 ரூபாய் என்ற குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்ததை இத்துடன் இணைத்தே நோக்க வேண்டும் என்பது என் கருத்து. வாழ்நாள் என்று நம்பி வாங்கிய எண்கள் பல இருபத்தெட்டு நாள் ஆயுளுக்குச் சுருங்கின.

இனி, வலைப்பின்னலுக்கும் கருவிக்கும் இடையிலான பொருத்தம். நான்காம் தலைமுறை வலைப்பின்னல் அடிப்படையில் தரவுக்காக அமைந்தது. அதில் குரலை அனுப்ப வி.ஓ.எல்.டி.இ. எனப்படும் தனி ஏற்பாடு கருவியிலும் வேண்டும். அது இல்லாத கருவி, அழைப்பு வரும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை வலைப்பின்னலுக்கு இறங்கிப் பேசிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளும். 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனத்திடம் பழைய தலைமுறை வலைப்பின்னல் இல்லை. ஆகையால் இறங்குவதற்குப் படியும் இல்லை. அக்காலத்தில் பலருடைய கருவியில் இணையம் தடையின்றி ஓட, நேரடி அழைப்பு மட்டும் செல்லாதிருந்தமைக்கு இதுவே காரணம். ஒரு நிறுவனத்தின் சிம்முடன் பேசாத கருவி மற்றொன்றுடன் பேசக்கூடும் என்பதால்தான், ஒரே நிறுவன சிம்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என மேலே குறிப்பிட்டேன். இன்றைய கருவிகளில் இவ்வசதி பொதுவாக இருப்பினும், அமைப்புகளில் அது அணைக்கப்பட்டிருப்பதுண்டு.

சிம்மை மாற்றினாலும் ஒரு கருவி எந்த வலைப்பின்னலிலும் இணைய மறுத்தால், அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஆராய வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். தொலைந்துபோன அல்லது திருடப்பட்ட கருவிகளை எல்லா வலைப்பின்னல்களிலும் முடக்கும் வசதியைத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக நாடெங்கும் விரிவுபடுத்தியது. பழைய கருவியை மலிவாக வாங்கியவர் இவ்வகையில் சிக்கக்கூடும். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் கருவியின் நிலை தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்வதே முறை.

அலுவலகங்களில் பணியாற்றுவோர்க்கு மற்றொரு செய்தி: 2021 சனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க எண்ணுக்கு முன் பூச்சியம் சேர்க்க வேண்டும். இதனை மறந்து, எதிர்முனைக் கைபேசியைக் குறைகூறும் நண்பர்களை இன்றும் காண்கிறேன்.

குறை நிறுவனத்தின் பக்கம் இருப்பின் 198 என்ற எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் நிறைவு ஏற்படாவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் புகார்களைத் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை என்பதைப் பலர் அறியாமல் அங்கு மனு அனுப்பிக் காலத்தை இழக்கின்றனர்.

பொருளியல் மாணவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். தொலைபேசிப் பரவலைக் குறிக்கும் அடர்த்தி எண் இணைப்புகளை எண்ணுகிறது. நூறு கோடிக்கும் மேற்பட்ட அவ்விணைப்புகளுள் வலைப்பின்னலில் செயல்நிலையில் உள்ளவற்றை ஆணையத்தின் மாத அறிக்கைகள் தனியே காட்டுகின்றன. அவ்வளவு நுட்பமான கணக்கிலும், அழைப்பை ஏற்க மட்டுமே முடிந்து, வெளியே அழைக்க இயலாதிருக்கும் காவலரின் கைபேசி செயல்நிலையிலுள்ள ஒன்றாகவே இடம்பெறும். நோயுற்ற தாயாரை அழைக்க முடியாத மூன்று நாட்கள் எந்த அட்டவணையிலும் தென்படா.

இணையம் வேண்டாதவர் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவது ஏன் என்ற கேள்வியை ஆணையம் பின்னர் கையிலெடுத்தது. 2024 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான சிறப்புக் கட்டணச் சீட்டு ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும். இத்தகைய சீட்டுகளின் உச்சச் செல்லுபடிக் காலமும் 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயர்த்தப்பட்டது. காவலரிடம் இதைக் கூறியபோது, அப்படியொரு சீட்டு உண்டென்று கடைக்காரர் சொல்லவே இல்லையே என்றார். மறுநாள் தாமே கேட்டு அதை வாங்கினார். முடியும் தேதியை நுழைவாயிலில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.