அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது?

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கொலை வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்துவிடாது. மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்த சுவாதீனமின்மை வேறு. செய்கிற செயல் என்ன, அது தவறா, சட்டவிரோதமா என்று அறியவே முடியாதபடி அந்த நேரத்தில் மனம் குலைந்திருந்ததா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 84-ஆம் பிரிவு.

நீதிபதி எதைப் பார்க்கிறார்?

செயலுக்கு முன்பும், செய்யும்போதும், பின்பும் குற்றம் சாட்டப்பட்டவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும் என்று 1964-இல் தஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பகை இருந்ததா? ஆயுதத்தை ஒளித்தாரா? ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா? சித்த சுவாதீனமின்மையை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

குடும்பங்கள் தவிப்பது இங்கேதான். தங்கையின் கல்யாணம் தடைபடுமே என்று அண்ணனின் சிகிச்சையை மறைக்கிறோம். மருந்துச் சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறோம். பிறகு நீதிமன்றம் பழைய சிகிச்சைக்குச் சான்று கேட்கும்போது, அம்மாவின் வாய்மொழியைத் தவிர கையில் எதுவும் இருப்பதில்லை. அது பலவீனமான சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்படும். சீட்டுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணையைத் தாங்குவாரா?

இது இன்றைய மனநிலை பற்றிய தனிக் கேள்வி. வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்ல முடியாதவர் என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தால், விசாரணை ஒத்திவைக்கப்படும்; சிகிச்சை தொடங்கும். சித்த சுவாதீனமின்மையால் விடுதலையானவரும் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பில் வைக்கவோ, உறவினரின் உத்தரவாதத்தில் ஒப்படைக்கவோ உத்தரவிடும்.

அறிவுசார் குறைபாடு

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயில் சேர்க்கவில்லை. இது சிறுவயதிலிருந்தே இருப்பது, மாத்திரையால் மாறாது. நுண்ணறிவு எண் ஏறத்தாழ 70-க்குக் கீழே இருப்பது ஓர் அடையாளம்தான். காசு எண்ணத் தெரியுமா, தனியாகப் பேருந்தில் போய் வருவாரா என்பதையும் நிபுணர்கள் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை காவல் நிலையம் பற்றியது. எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்த, எதைக் கேட்டாலும் "ஆமாங்க சார்" என்று தலையாட்டும் பழக்கம் இவர்களில் பலருக்கு உண்டு. செய்யாததையும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அதனால் முதல் நாளே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காவல் நிலையத்திலும் மாஜிஸ்திரேட்டிடமும் காட்டிவிடுங்கள். இவர்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பது சட்டப்படியான உரிமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.