கருங்கல் எல்லாம் எரிமலைக் கல்லா?

எட்டாம் வகுப்பில் 'பாறை மற்றும் மண்' பாடத்தைத் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். வீரபாண்டியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. முல்லையாற்றுக் கூழாங்கல், வீடு கட்டக் கொட்டிய ஜல்லி, உடைந்த அம்மித் துண்டு என்று மேசை நிறைந்துவிடும். அவற்றை இரண்டு குவியலாகப் பிரிப்பேன். கறுப்பாக இருந்தால் பசால்ட், எரிமலையிலிருந்து வந்தது. வெளிறி இருந்தால் கிரானைட், பூமிக்குள் உறைந்தது. பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு.

அம்மி கொத்துபவரின் மகள் ஒருத்தி, அப்பா உளியால் பெயர்த்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்தாள். "சார், இது கறுப்பா இருக்கு. அப்ப நம்ம ஊர்ல எரிமலை இருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். அந்த 'நாளை' வர இரண்டு வாரம் ஆனது.

தீப்பாறையைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் அவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன்.

முதல் கேள்வி, இந்தப் பாறை எங்கே குளிர்ந்தது? இதற்கு விடை சொல்வது நிறமல்ல, மணிகளின் அளவு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் தங்கிவிட்ட மாக்மா, மேலே மூடிய பாறை போர்வைபோல் வெப்பத்தைக் காப்பதால், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக் குளிர்கிறது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. இது பாதாளப் பாறை. கிரானைட் ஓர் எடுத்துக்காட்டு. வெளியே வழிந்த லாவா விரைவில் இறுகுவதால் மணிகள் மிக நுண்ணியவை, பசால்ட் அப்படி. மிக வேகமாகக் குளிர்ந்தால் படிகமே இல்லாத எரிமலைக் கண்ணாடி. சில கற்களில் நுண்மணிகளுக்கு நடுவே பாயசத்து முந்திரிபோலப் பெரிய படிகங்கள் கிடக்கும். அந்தக் குழம்பு சிறிது காலம் ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்து, பிறகு மேலே வந்து சட்டென்று இறுகியது என்று பொருள்.

வகுப்பில் இதற்குக் கற்கண்டும் கடலைமிட்டாயும் போதும். நாள்கணக்கில் அசையாமல் இருந்த பாகில் கற்கண்டு விளைகிறது. தட்டில் ஊற்றி உடனே ஆறிய பாகு கண்ணாடிபோல் இறுகுகிறது. கற்கண்டு விளைவது கரைசலில்தான், உருகிய குழம்பில் அல்ல என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி, இது எதனால் ஆனது? சிலிக்கா 63 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அமிலப் பாறை, 52 முதல் 63 வரை இடைநிலைப் பாறை, 45 முதல் 52 வரை காரப் பாறை, அதற்கும் குறைந்தால் மீகாரப் பாறை. (இந்த அமிலத்துக்கும் லிட்மஸ் தாளுக்கும் தொடர்பில்லை, பழைய வேதியியல் விட்டுச்சென்ற பெயர்.) சிலிக்கா குறைந்து இரும்பும் மெக்னீசியமும் கூடக் கூடப் பாறை பெரும்பாலும் கறுக்கும்.

ஒரே வேதிக் கூட்டுள்ள குழம்பு ஆழத்தில் குளிர்ந்தால் காப்ரோ, நடுவில் உறைந்தால் டோலரைட், வெளியே வந்தால் பசால்ட். மூன்றும் கறுப்புதான். ஆக, கறுப்பு என்பதற்காக எரிமலைக் கல் ஆகிவிடாது. கடைகளில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்பதில் பல, உண்மையில் டோலரைட்டும் காப்ரோவும். நம் 'கருங்கல்' என்ற சொல்லோ இவை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

இனி மாணவியின் சில்லு. கைலென்சில் பார்த்தபோது மணிகள் தெளிவாகத் தெரிந்தன. நீலச் சாம்பல் நிறக் குவார்ட்ஸ், எண்ணெய் தடவியதுபோன்ற பச்சை கலந்த பெல்ஸ்பார். பசால்ட்டில் இப்படிக் குவார்ட்ஸ் தெரியாது. இது சார்னோகைட். நம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில் பெரும்பகுதி சார்னோகைட்டும் நைசும்தான். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கென ஆராய்ந்த பாறையும் இதுவே.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லும், சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒரே வகை என்று 1893இல் கண்ட தாமஸ் ஹாலண்ட், அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். கிரானைட்டுக்கு நெருக்கமான கூட்டு, ஆனால் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உள்ள தீப்பாறை என்பது ஹாலண்டின் முடிவு. 1960இல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறை ஆங்காங்கே சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த தடயங்களைக் காட்டினார். அதாவது, குழம்பிலிருந்து உறையாமல், திடநிலையிலேயே கடும் வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில் உருமாறியும் சார்னோகைட் பிறக்கலாம். நம் பகுதிப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட கடும் வெப்பத்துக்கு ஆளானவை. அவற்றில் பல, முதலில் தீப்பாறையாகப் பிறந்து பிறகு உருமாறியவை.

"எரிமலை இல்லம்மா. ஆழத்தில் உறைஞ்சது, அப்புறம் இன்னொரு தடவை வெந்தது" என்று சொன்னேன். "அப்ப அது தீப்பாறையா, உருமாறிய பாறையா?" என்றாள் விடாமல். இரண்டு பெயரும் பொருந்தும் என்றதும் வகுப்பு குழம்பியது. தேர்வில் எதை எழுதுவது என்று ஒருவன் கேட்டான். பாடநூலில் உள்ளதை எழுது, கல்லை மட்டும் பார்த்துக்கொண்டே இரு என்றேன்.

இப்போது குவியல் பிரிக்கும் வேலை மாணவர்களுடையது. உடைத்த புதிய முகத்தை மட்டுமே பார்க்க வேண்டும், ஏனென்றால் வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் நிறத்தில் ஏமாற்றும். முதலில் மணி, பிறகு கனிமம், பிறகு வரிவரியான பட்டைகள் உண்டா என்ற கேள்வி. பட்டை இருந்தால் நைஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறம் கடைசியில்தான். மேசையில் ஒரு தட்டு 'இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதி இருக்கிறது. போன ஆண்டு அதில்தான் அதிகக் கற்கள் சேர்ந்தன.